டைவ் கம்ப்யூட்டருக்குத் தேங்காய் எண்ணெய்

நாளை மறுநாள் அந்தமான் கிளம்புகிறோம். கடலுக்கடியில் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறேன், இன்னும் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று சொல்லும் என் டைவ் கம்ப்யூட்டரில் பேட்டரி தீர்ந்திருந்தது.

"சர்வீஸுக்குக் கொடுத்துடலாம்" என்றேன்.

"பேட்டரி மாத்தறதுக்கா? இங்க கொண்டா" என்றார் கணவர்.

புது பேட்டரி போட்டார். தண்ணீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையத்துக்கு, குக்கர் காஸ்கெட்டுக்குத் தடவுவதுபோல் தேங்காய் எண்ணெய். டெல்லிக் குளிரில் அது உறைந்திருந்தது. ஸ்பூனால் சுரண்டித் தடவி மூடினார்.

சோதித்துப் பார்க்க பக்கெட் தண்ணீரில் போட்டேன். கண்ணாடிக்குள் ஆவி படர்ந்தது. எண்கள் மங்கி அணைந்தன.

"லேசா வேர்த்திருக்கு, அவ்வளவுதான்" என்றார்.

"அச்சா? முழுகியே போச்சுப்பா!" என்றாள் மகள்.

எனக்குக் கோபம் வரவில்லை. கடலுக்குள் அணைந்திருந்தால் என்றுதான் நினைத்தேன். அந்தமான் டைவிங் பள்ளிக்குப் போன் செய்தேன்; ஒன்று இரவல் தருகிறார்களாம்.

அவர் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மெல்ல, "நீ இறங்கித்தான் ஆகணுமா?" என்றார்.

"ஆகணும். நீங்க படகுல இருங்க."

"இருக்கேன். எதையும் தொடமாட்டேன்."

உங்கள் வீட்டுக்காரர் எதையெல்லாம் திறந்து 'சரி' செய்திருக்கிறார்? எழுதுங்கள். இங்கே ஒருவருக்கு ஆறுதலாக இருக்கும்.