கனமாக இருந்தால் நான் ஊற்றியாச்சு

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் அவளுக்கு மாலை ஷிப்ட். பார்சல் ஆபீஸில் மூட்டை எடை போடும் கணவருக்குக் காலை ஷிப்ட். தேங்காய் நார்த்தூள் நிரப்பிய தக்காளித் தொட்டி மேலே காய்ந்திருக்கிறதே என்று ஆளாளுக்குத் தண்ணீர் ஊற்றியதில், செடி மஞ்சளடித்துப் போனது.

கணவர் சீட்டு எழுதி வைத்தார்: "மேலே காஞ்சாலும் அடியில ஈரம் நிக்கும். தொட்டியைத் தூக்கிப் பாரு. கனமா இருந்தா நான் ஊத்தியாச்சு. லேசா இருந்தா நீ ஊத்து."

செடி தேறிப் பூ விட்டது.

அபூர்வமாக ஒருநாள் இருவருக்கும் லீவு வாய்த்தது. மறுநாள் அவர் வேலைக்குப் போனபின் தூக்கினால், தொட்டி பஞ்சாக வந்தது, இலைகள் துவண்டிருந்தன. "சோம்பேறி மனுஷன்!" என்று வாய்வரை வந்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது: நேற்று முழுக்க இருவரும் பேசிக்கொண்டே இருந்ததில், தொட்டிப் பக்கம் யாருமே திரும்பவில்லை.

நிதானமாகத் தண்ணீர் ஊற்றியபடி செடியிடம் சொன்னாள்: "மாசத்துல ஒருநாள்தானே, பொறுத்துக்கோயேன்."