லாக்கில் இல்லாத பிழை

மீன்பிடிப் படகு கேம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் எங்கள் ஸ்டூடியோ. கேமை ஓட்டும் நிரல்களை, ஸ்கிரிப்டுகளை, எழுதுவது என் வேலை. கேமை வெளியிடப் போகிறவர்கள் கோலாலம்பூரிலிருந்து பார்க்க வந்த நாளில், அவர்களில் ஒருவர் வலையே வீசாமல் கடலை வேடிக்கை பார்த்துவிட்டு ஆட்டத்தை முடித்தார். திரை அப்படியே உறைந்துவிட்டது. பிடித்த மீனை வீசிய வலைகளின் எண்ணிக்கையால் வகுத்து மதிப்பெண் போட்டிருந்தேன். வலை சைபர். சைபரால் வகுக்கச் சொன்னால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும்.

வந்தவர்கள் போன பிறகு, இனி ஒரு தடவைகூட கேம் நிற்கக் கூடாது என்றார் முதலாளி. மதிப்பெண் கணக்கை அன்றே சரிசெய்தேன். பயம் போகவில்லை. மீதி ஸ்கிரிப்டுகள் எல்லாவற்றையும் ட்ரை-கேட்சுக்குள் போட்டேன். ட்ரைக்குள் பிழை நடந்தால் கேம் நிற்காமல் கேட்ச் பிடித்துக்கொள்ளும். பிடித்ததை லாக்கில், அதாவது பிழைகளைக் குறித்துவைக்கும் கோப்பில், பதிவுசெய்ய நாம்தான் எழுத வேண்டும். நான் எழுதவில்லை. அதன்பிறகு கேம் நிற்கவே இல்லை. முதலாளி பாராட்டினார்.

பக்கத்து மேசை ஹமீதாவுடையது. அவள் கேமை ஆடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கும் டெஸ்டர். படகுகளுக்குத் தன் மாமிமார் பெயரை வைத்து ஆடுவாள். எந்த மாமி மூழ்கினாள் என்று சொல்லித்தான் எந்தப் பிழையையும் ஆரம்பிப்பாள். காலையில் சாப்பிட நாசி லெமாக் வாங்கினால் ஒரு பொட்டலம் எனக்கும் வரும். நான்கு வருடம் அப்படித்தான் இருந்தோம்.

ஒருநாள் சொன்னாள்: "அக்கா, ரஹ்மா மாமியோட சேவ் காணோம்லா. நேத்து ஆடினது எதுவுமே இல்ல."

நான் என் மேசையிலிருந்தே லாக்கைத் திறந்து பார்த்தேன். சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு நாள் முடிவிலும் கேம் தானாகவே சேவ் ஆகும். அதற்கு முன்பே மூடியிருப்பாய் என்றேன். அடுத்த வாரம் மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் லாக்கைத்தான் பார்த்தேன்.

வெளியீட்டைத் தள்ளிவைக்கும்படி கூட்டத்தில் அவள் கேட்டாள். முதலாளி என்னைப் பார்த்தார். லாக்கில் ஒன்றுமில்லை என்றேன். அவளை அந்த கேமிலிருந்து எடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் ஜொகூர் பாருவில் வேறு வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள்.

கேம் வெளிவந்த முதல் வாரமே, சேவ் காணாமல் போகிறது என்று புகார்கள் வந்தன. கேட்சுக்குள் ஒரே ஒரு வரி சேர்த்தேன், பிழையை லாக்கில் எழுதச் சொல்லி. மறுநாள் ஆடியவர்களிடமிருந்து வந்த லாக் முழுக்க ஒரே செய்தி: சைபரால் வகுத்தல். நாள் முடிவில் மீனைப் படகில் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பங்கு போடுவேன். எல்லோரையும் ஓய்வுக்குக் கரையில் இறக்கிவிட்டிருந்தால் ஆள் சைபர். ஸ்கிரிப்ட் நேராகக் கேட்சுக்குத் தாவிவிடும். சேவ் செய்யும் வரி அந்த வகுத்தலுக்கு அடுத்துதான் இருந்தது. அது ஓடவே இல்லை.

தவறு என்னுடையது, ஹமீதா சொன்னது சரி என்று முதலாளியிடம் எல்லோர் முன்னாலும் சொன்னேன். பிறகு அவளைப் போனில் கூப்பிட்டேன்.

"நீ சொன்னதுதான் சரி, ஹமீதா. தப்பு என்னோடது."

"தெரியும்க்கா. நான் நாள முடிச்சிட்டுத்தான் மூடினேன். நீங்க லாக்க நம்புனீங்க, என்னைய நம்பல. அதான் கஷ்டமா போச்சு."

திரும்பி வரச் சொன்னேன். முதலாளியும் சம்மதித்திருந்தார்.

"இல்லக்கா. இங்க பழகிடுச்சு," என்றாள், கோபமில்லாமல்.

இப்போது நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்து அனுப்பிக்கொள்கிறோம், அவ்வளவுதான். கேமின் புதுப் பதிப்பு ஒன்று முடிந்தால், அவள் அதை எங்கே உடைப்பாள் என்று இன்றும் யோசிக்கிறேன். இத்தனை டெஸ்டர்கள் வந்துவிட்டார்கள். யாரும் படகைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: வகுப்பதற்கு முன் கீழே இருக்கும் எண் சைபரா என்று பாருங்கள். கேட்சை வெறுமையாக விடாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் உடைந்திருக்கிறது என்று சொன்னால், எழுந்துபோய் அவர் திரையைப் பாருங்கள். ஹமீதாவின் நாற்காலிக்கும் என் நாற்காலிக்கும் நடுவில் இரண்டடிகூட இல்லை. நான் எழுந்திருக்கவில்லை.