ஏழாவது படம்

நேபாளத்தில் பார்க்க வேண்டிய இடங்கள் மொத்தம் ஒன்பது என்று என் அண்ணன் சொல்வான். அவன் பார்த்திருந்ததோ கடலூர், பண்ருட்டி, சிதம்பரம், காட்டுமன்னார்கோயில், நாலே ஊர். மலையை அவன் கண்ணால் கண்டதில்லை. எங்கள் பக்கம் தரை முழுக்கச் சமம். கோபுரத்தை விட்டால் உயரம் கிடையாது. ஆனால் குனிந்து கண்ணாடித் துளையில் படம் பார்க்கும் பயாஸ்கோப்புப் பெட்டியை முக்காலி மேல் ஏற்றி, மணியை ஆட்டி, கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தான் என்றால் அந்த நாட்டிலேயே பிறந்து வந்தவன் மாதிரி பேசுவான்.

ஒன்பது என்பது ஒரு காலண்டரால் வந்தது. எங்கள் கடலூர்த் துறைமுகத்துக் கிடங்கில் காவல் இருந்த கூர்க்கா, ஊருக்குப் போய்த் திரும்பியபோது கொண்டுவந்து கொடுத்தது. மாதத்துக்கு ஒரு படம், பன்னிரண்டு. அதில் மூன்றைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சத்தை அண்ணன் வரிசையாகக் காடாத் துணியில் ஒட்டி, பெட்டிக்குள் இரண்டு உருளைகளில் சுற்றினான். கூர்க்கா அரைத் தமிழில் சொன்ன கதைகளை முழுத் தமிழாக்கிக்கொண்டான்.

"அஞ்சு அடுக்கு மாடக் கோயிலு பாரு. படியில காவல் யாரு? கீழ பயில்வான், அவனுக்குப் பத்து மடங்கு ஆனை, அதுக்குப் பத்து மடங்கு சிங்கம். திருடப் போனவன் திரும்புனதில்ல. அடுத்தது பாரு, நாலு பக்கமும் கண்ணு வெச்ச புத்தர் கோபுரம். நீ பொண்டாட்டிய ஏமாத்துனாலும் அதுக்குத் தெரியும், மாமா."

அண்ணன் சாது இல்லை. பண்ருட்டித் திருவிழாவில் இன்னொரு பெட்டிக்காரன் இவன் இடத்தில் முக்காலியைப் போட்டுவிட்டான் என்று அவன் காதைக் கடித்துவிட்டு வந்தான். பல்லெல்லாம் ரத்தம். நான் தண்ணீர்ச் செம்போடு ஓடினேன். "என் ரத்தம் இல்ல புள்ள, பயப்படாத" என்று சிரித்தான்.

அத்தாவுக்கும் அவனுக்கும் வீட்டில் வாரம் ஒரு சண்டை. கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் படகில் அத்தா வேலை செய்தார். மகனையும் அதே படகில் ஏற்றப் பார்த்தார். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். "நம்ம மார்க்கத்துல ஆகாத உருவத்தக் காட்டிப் பொழைக்கிற பொழப்பு ஒரு பொழப்பாடா" என்று கன்னத்தில் அறைவார். ஒருமுறை அவன் அத்தாவின் கையைப் பிடித்து முறுக்கிவிட்டான். அன்றைக்கு அம்மா இருவருக்கும் நடுவில் விழுந்து, யாருடைய அடி என்று தெரியாமல் ஒரு பல்லை இழந்தாள்.

படம் ஒட்டுகிற வேலை என்னுடையது. மைதாப் பசை காய்ச்சி, சுருக்கம் விழாமல் தேய்த்துக் கொடுப்பேன். ஒட்டிக் காய்ந்ததும் அண்ணன் சுருளைப் பெட்டியில் மாட்டி, ஒவ்வொரு படத்தையும் கண்ணாடி வழியாகப் பார்த்த பிறகுதான் வெளியே எடுத்துப் போவான். பெட்டியில் இருப்பது பூதக்கண்ணாடி. வெறும் கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிவது அதில் புழுவாக நெளியும் என்பான்.

ஆனித் திருமஞ்சனத்துக்கு முந்திய வாரம் பெய்த மழையில் கூரை ஒழுகி, சுருளில் ஏழாவது படம் ஊறி உரிந்து வந்துவிட்டது. அது ஒரு ஏரி. ஆலகால விஷம் குடித்த சிவபெருமான் தொண்டை எரிச்சல் தாங்காமல் மலையில் சூலத்தால் குத்த, அந்த இடத்தில் பொங்கிய தண்ணீர். சிதம்பரத்தில் ஜனங்கள் அந்தப் படத்துக்காகவே திரும்பத் திரும்ப வருவார்கள். பெட்டிக்குள் குனிந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

"வெள்ளத் தாளு ஒட்டி வை. அந்த எடத்துல வேகமா சுத்திடுறேன்" என்றான்.

எனக்கு மனசு வரவில்லை. கப்பல்காரர்கள் கொடுத்த தபால் அட்டைகள் ஒரு கட்டு அவன் தகர டப்பாவில் கிடந்தது. அதில் ஒரு ஏரி இருந்தது. நீலத் தண்ணீர், சுற்றிலும் பனி மலை, கரையில் பாறை. பாறை மேல் நகத்தளவுக்குச் சிவப்பாக ஏதோ. பூச்செடி என்று நினைத்தேன். விளக்கு வைக்கிற நேரம். அட்டையை ஒட்டி, சுற்றிலும் நீலத் தாள் கொடுத்து, சுருளைப் பெட்டியில் மாட்டிவிட்டேன். மறுநாள் விடிகாலை சிதம்பரத்துக்கு ரயில் என்பதால் அண்ணன் கண்ணாடிகளைத் துணி சுற்றிக் கட்டி வைத்திருந்தான். நான் அவிழ்த்துப் பார்க்கவில்லை. அவனிடம் சொல்லவும் இல்லை; வெள்ளைத் தாள்தானே என்று அவனும் பார்க்கவில்லை. அங்கே போய்ப் பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று இருந்தேன்.

சிதம்பரத்தில் எங்கள் மாமி வீடு இருந்ததால் என்னையும் கூட்டிப் போனான். கீழவீதியில் தேர் பார்க்க வந்த கூட்டம். நான் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு மாமியோடு வளையல் கடை ஓரம் நின்றேன். அண்ணன் எதிரே, இருபது அடி தூரத்தில். முதல் ஆட்டத்துக்கே மூன்று பேர் குனிந்தார்கள். அதில் ஒருத்தி புதுப்பெண், தாலிக் கயிற்றில் மஞ்சள் மங்கவில்லை. அவள் புருஷன் பக்கத்தில் கை கட்டி நின்றான். அவன் கூடப்பிறந்தவர்கள் இரண்டு பேர் கரும்புச் சாறு குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கைப்பிடியைச் சுற்றுகிறவனுக்கு உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரியாது. எண்ணிக்கையை வைத்துத்தான் கதை சொல்வான். ஏழுக்கு வந்ததும் வேகமாகச் சுற்றப் போனான். அதற்குள் அந்தப் பெண் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். புருஷன் காதில் ஏதோ சொன்னாள். அவன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான்.

"என்னாடா இது?"

வெள்ளைத் தாள் வந்ததால் அவன் கோபப்படுகிறான் என்று அண்ணன் நினைத்துவிட்டான். கதையையாவது சொல்வோம் என்று வழக்கமான குரலில், "சிவபெருமான் தாகம் தீத்த தண்ணி, மாமா. பாத்த கண்ணுக்குப் புண்ணியம்" என்றான்.

"எதடா புண்ணியம்ன்ற?"

"சத்தியமா புண்ணியம். அந்தம்மாவ இன்னொரு தரம் பாக்கச் சொல்லு, காசு வாணாம்."

முதல் உதை வயிற்றில் விழுந்தது. பெட்டி சரிந்து, மூடி திறந்து, சுருள் தெருவில் பாம்பு மாதிரி ஓடியது. கரும்புச் சாறு டம்ளர் ஒன்று அண்ணன் நெற்றியில் உடைந்தது. அவன் சும்மா இருக்கிறவனா? எழுந்து ஒருவன் மூக்கில் தலையால் முட்டினான். எலும்பு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு அவர்கள் முக்காலியின் கால் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

"சாமி பேர சொல்லி அம்மணத்தக் காட்டுறான்" என்று ஒருவன் கத்தியதும் யார் யாரோ வந்தார்கள். என்ன நடந்தது என்று தெரியாதவர்கள்தான் ஜாஸ்தி அடித்தார்கள். பூ விற்கிற அம்மா ஒருத்தி மட்டும் உள்ளே பாய்ந்து, "வருஷா வருஷம் வர்ற புள்ளடா, செத்துடுவான், உடுங்கடா" என்று அலறினாள். அவளையும் தள்ளிவிட்டார்கள். பூக்கூடை மிதிபட்டது.

கீழே கிடந்த பெட்டியின் கண்ணாடி அண்ணன் முகத்துக்கு நேராக இருந்தது. ஏழாவது படம் அதற்குப் பின்னாலேயே மடங்கிக் கிடந்தது போலிருக்கிறது. அவன் அதைப் பார்த்தான். பிறகு கூட்டத்தின் கால்களுக்கு நடுவிலிருந்து என்னைப் பார்த்தான். ஒரு நொடிதான்.

"யாருடா ஒட்டுனது இத?" என்று புருஷன்காரன் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினான்.

"நான்தான்" என்றான் அண்ணன். "நான்தான் ஒட்டுனேன்."

அதற்கு அப்புறம் விழுந்த அடிதான் அவனைக் கொன்றது. விலாவில், முக்காலிக் காலால், நாலைந்து முறை. மாமி என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்திருந்தாள். நான் வாயைத் திறப்பதை அவள் தடுக்கவில்லை. நான்தான் திறக்கவில்லை. என்னையும் அடிப்பார்கள் என்ற பயம். வேறு காரணம் எதுவும் இல்லை.

கூட்டம் கலைந்த பிறகு சுருளை எடுத்துக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். பூச்செடி இல்லை. ஒரு வெள்ளைக்காரி, சிவப்புத் துணி இரண்டு துண்டு கட்டிக்கொண்டு, பாறை மேல் மல்லாந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

கடலூருக்குக் கொண்டுவந்தோம். மூன்று நாள் இருந்தான். போலீஸ் கேட்டதற்கு வண்டி மோதியது என்று சொல்லிவிட்டான். இரண்டாம் நாள் மத்தியானம் அம்மா தண்ணீர் எடுக்கப் போயிருந்தபோது என்னைக் கூப்பிட்டான்.

"அது எந்த ஊரு ஏரி புள்ள?"

"தெரியல. இங்கிலீசுல போட்டிருந்துச்சு."

"மலை நல்லாத்தான் இருந்துச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "யார்கிட்டயும் சொல்லாத. அத்தா ஒன்ன வெட்டிடுவாரு."

அவன் செத்த அன்றைக்கே அத்தா பெட்டியைக் கோடாலியால் பிளந்தார். அடக்கத்துக்குக் கூட்டத்தோடு போனார், ஆனால் குழியில் மூன்று பிடி மண்கூட அள்ளிப் போடவில்லை என்று சித்தப்பா வந்து சொன்னார். ஊரில் கதை எங்கள் வாசல்வரை பரவிவிட்டது. அம்மணப் படம் காட்டி அடிபட்டுச் செத்தவன். செத்தவனுக்காக ஓதுகிற மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதவில்லை. நாற்பதாம் நாளுக்காவது பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கூப்பிட்டு ஓதி நாலு பேருக்குச் சோறு போடுவோம் என்று அம்மா அத்தாவின் காலைப் பிடித்தாள்.

"அந்த நாய்க்கு எவன் ஓதுவான்? அசிங்கத்த வித்தவன். நான் அவனுக்கு அத்தா இல்ல" என்று சோற்றுத் தட்டைச் சுவரில் அடித்தார்.

நான் அந்த நாட்களில் என்ன செய்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. உடைந்த பெட்டியிலிருந்து கண்ணாடிகளைப் பொறுக்கி, துவைக்கிற கல்லில் வைத்து ஒவ்வொன்றாகக் குழவியால் நசுக்கினேன். உள்ளங்கையில் சில்லு ஏறிச் சீழ் பிடித்தது. அந்தப் புருஷன்காரனின் முகத்தை நினைத்துக்கொண்டு மீன் வெட்டுவேன். அவனை வெட்டிவிட்டால் தீரும் என்று தோன்றும். அடுத்த நிமிஷமே அரிவாள்மனையில் என் கை தெரியும். ஒட்டிய கை.

முப்பத்தொன்பதாம் நாள் காலை அத்தா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நாளைக்கு ஓதவில்லை என்றால் அப்புறம் எந்த நாளும் இல்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டும்போது சொன்னேன்.

"அந்தப் படத்த அவன் ஒட்டல அத்தா. நான் ஒட்டுனேன். அவனுக்குத் தெரியவே தெரியாது."

அத்தா திரும்பினார். "என்னா சொன்ன?"

"நான் ஒட்டுனேன். அவன் வெள்ளத் தாளுதான் ஒட்டச் சொன்னான். என்னையக் காப்பாத்த அவன் பேர சொல்லிக்கிட்டான். நான் அங்கதான் நின்னேன். பேசல."

முதல் அறையில் காது அடைத்துப் போனது. அதற்குப் பிறகு அம்மா கத்துவது வாயசைவாக மட்டும் தெரிந்தது. தலையைச் சுவரில் இடித்தார். விழுந்ததும் காலால் உதைத்தார். அண்ணனுக்கு விழுந்த அதே பக்கம் விலாவில் விழுந்தது. நான் கையைக் குறுக்கே வைக்கவில்லை. அம்மா என் மேல் படுத்துக்கொண்டாள். அத்தா அவளை இழுக்கப் போனார், இழுக்காமல் நின்றார். அப்படியே சட்டை போடாமல் வெளியே போனார்.

படகுக்குப் போகவில்லை. கபரஸ்தானுக்கு, அண்ணனை அடக்கிய இடத்துக்குப் போயிருக்கிறார். எங்களில் பெண்கள் அங்கே போவதில்லை, அதனால் அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. பகல் சாய்ந்த பிறகுதான் வந்தார். முழங்கால் வரை மண். கையில் மண். கிணற்றடியில் நின்று கழுவிக்கொண்டே, என் பக்கம் பார்க்காமல், அம்மாவிடம் சொன்னார்.

"தலமாட்டுப் பக்கம் மண்ணு ஒரு சாண் எறங்கிப் போயிருக்கு. யாரும் பாக்கல. அள்ளிப் போட்டுட்டு வந்தேன்." காலைத் தேய்த்துக் கழுவிவிட்டு, "ஹஜ்ரத்துகிட்டயும் சொல்லிட்டேன். நாளைக்கு மத்தியானம் லொஹர் தொழுகைக்கு அப்புறம் வர்றாரு. அரிசி ஊற வை" என்றார்.

அம்மா அழுதழுது எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். நான் போய் அரிசியை ஊற வைத்தேன்.