உருதுப் படத்துக்கு மாப்பிள்ளையாகப் போனது

எழுபதுகளில் மெல்பேர்ணில் தமிழ்ப் பெண் பார்க்க வேண்டுமென்றால் உருதுப் படத்துக்குப் போகவேண்டும். தமிழ்ப் படம் வராது. வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வேண்டாமென்று சொல்வதோ பெரிய கரைச்சல். பாகிஸ்தான் மாணவர்கள் எங்கிருந்தோ படம் வரவழைத்து, மல்கிரேவ் பக்கத்தில் ஒரு தேவாலய மண்டபத்தில் ஓட்டுவார்கள். இரு குடும்பமும் தற்செயலாகச் சந்தித்ததுபோல் அருகருகே உட்காரும். பிடிக்காவிட்டால், "நாங்கள் படம் பாக்கத்தானே வந்தனாங்கள்" என்று மானத்தோடு வீடு திரும்பலாம்.

அப்படித்தான் நானும் காட்சிக்கு வைக்கப்பட்டேன். தொழிற்சாலையொன்றில் இயந்திரப் படம் வரைகிற வேலை, அகலக் கொலர் சட்டை, காதை மூடிய முடி, அக்கா வீட்டில் ஓர் அறை. கார் கிடையாது. இவ்வளவையும் கட்டி ஆள ஒரு பெண் தேவைப்பட்டது.

"சுவரொட்டியில கலியாணப் பொம்பிளை நிக்கிறா, நல்ல சகுனம்" என்றார் அத்தான். உருது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

படம் தொடங்கிய பிறகுதான் சகுனத்தின் இலட்சணம் தெரிந்தது. எழுத்துப் படிக்க ஆசைப்படும் ஒரு பெண். அவள் அரிச்சுவடியைப் பிடுங்கி அலுமாரியில் பூட்டிவிட்டு, கழுத்தைப் பிடிக்காத குறையாக ஒருவனுக்குக் கட்டிவைக்கும் தகப்பன். இதை விளங்க எந்தப் பாஷையும் வேண்டாம். எனக்குப் பக்கத்துக் கதிரையில், நான் பார்க்க வந்த பெண்ணின் தகப்பனார் லேஞ்சியால் கண்ணைத் துடைத்துத் துடைத்து அழுதார். அவருக்கு அப்பால் இருந்த மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிக்க இடம் கிடைத்திருந்தது. கட்டணமே இல்லாத காலம். வகுப்புத் தொடங்குமுன் கலியாணத்தை முடித்துவிடத்தான் அவர் என்னைப் பார்க்க வந்திருந்தார்.

இடைவேளையில் பெண் வீட்டார் பொரித்துக் கொண்டுவந்த பற்றிஸும் தேநீரும் வந்தன.

"படுபாவி! பிள்ளை படிக்கட்டுமெண்டு விட்டாலென்ன, உவனும் ஒரு தகப்பனோ?" என்றார் அவர், மூக்கைச் சீறிக்கொண்டே.

"அப்ப நான் கம்பஸுக்குப் போகலாமோ, அப்பா?" என்றாள் மகள்.

"அது படம், பிள்ளை. தம்பிக்கு இன்னொரு பற்றிஸ் குடு."

மாப்பிள்ளைத் தம்பி வாங்கிக்கொண்டான். ஏற்கெனவே வாய் நிறைய இருந்ததால் பெண்கல்வியைப் பற்றி அவனால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

பிற்பாதியில் படம் தன் வண்டவாளத்தைக் காட்டியது. கதாநாயகி புருஷனிடம் கெஞ்சி எழுத்துப் படிக்கிறாள். மாமியார் நோயில் விழ, மருந்துப் போத்தலை வாசித்து உயிரைக் காப்பாற்றுகிறாள். மாமியார் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்க, மண்டபமே கைதட்டியது. ஒரு பெண் பாடுபட்டு எழுத்துக் கற்பது மாமியாரின் போத்தலை வாசிக்கத்தான்! பெரிய புரட்சி. அத்தானும் எழுந்து நின்று தட்டினார்.

வெளியே கார்கள் நின்ற இடத்தில் அவள் நேரே என்னிடம் வந்தாள்.

"என்னைப் பிடிக்கேல்லையெண்டு சொல்லுங்கோ. பிளீஸ். நான் படிக்கவேணும்."

எனக்கு நெஞ்சு விரிந்துவிட்டது. ஒரு பெண்ணுக்காகப் பழியை ஏற்கும் தியாகி! என்ன குறை சொல்லலாமென்று வழிநெடுக யோசித்தேன். உயரம் என்பதா, சாதகம் என்பதா? அவள் மனம் நோகாத ஒரு குறையைப் பொறுக்கி, மறுநாள் காலை அத்தானிடம் சொல்ல வாயெடுத்தேன்.

"நீ ஒண்டும் சொல்லாதை. விடிய பொம்பிளையின்ர தகப்பனார் போன் எடுத்தவர்" என்றார் அத்தான். "பெடியனைப் பிடிக்கேல்லையாம். காருமில்லையாம், தீனியும் கொஞ்சம் கூடவாம். டொக்டர் மாப்பிள்ளை ஆரும் வரட்டாம். அதுவரைக்கும் பிள்ளை சும்மா வீட்டில இருக்காமல் கம்பஸுக்குப் போகட்டாம்."

அக்கா குசினிக்குள் அடுப்படியில் நின்று சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கிடக்கிறது. அழுது நனைத்த லேஞ்சி செய்யாததை நான் தின்ற பற்றிஸ் செய்துவிட்டது. டொக்டர் மாப்பிள்ளை வந்து சேர்வதற்குள் அவள் பட்டம் வாங்கிவிட்டாள்.