மணி கைமாறிய கூட்டம்

கனடாவில், மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பக்கம் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கத்துக்குப் பதினேழு வருடமாக ஒரே ஆள்தான் தலைவர். நெடிய உருவம், வெள்ளை மீசை, மண்டபத்துக்குள்ளும் கழற்றாத குளிர்க்கோட். அவர் முன்னால் எப்போதும் ஒரு பித்தளை மணி இருக்கும். கூட்டத்தில் ஒருவருக்கு இரண்டு நிமிடம்தான். தேர்தல் என்று யாராவது வாயெடுத்தால் அரை நிமிடத்திலேயே மணி அடித்துவிடும்.

தேர்தல் கேட்டு நாங்கள் தனி அணியாகி, சங்கம் உடையப்போன நேரத்தில் ஓர் உடன்பாடு வந்தது. அவர் தலைவராகவே இருப்பார். செயலாளர் பதவி எதிரணியான எங்களுக்கு. செயலாளரான நான் முதலில் கேட்டது அந்த மணியைத்தான். கைக்குட்டையால் துடைத்துத் தந்தார்.

அடுத்த கூட்டத்தில் சரியாக இரண்டாவது நிமிடம் அவருக்கே அடித்தேன். மண்டபம் சிரித்தது. வசனத்தை முடிக்காமலே உட்கார்ந்துவிட்டார். பிறகு எங்கள் அணியின் தலைவர் சனநாயகம் பற்றிப் பேச எழும்பினார். பத்து நிமிடம் போயிருக்கும். சங்கத் தலைவர் என் பக்கம் சரிந்தார்.

"என்ன செயலாளர், மணி பழுதாப் போச்சோ?"

"இல்லை அண்ணை, நல்லாத்தான் இருக்கு."

"என்ரை கையிலை இருக்கேக்கையும் உதுக்கு இதே வருத்தம்தான். சொந்த ஆக்களுக்கு அடிக்காது."

சிரிப்பை அடக்க முடியாமல் மணியை அடித்துவிட்டேன். எங்கள் அணித் தலைவர் என்னைத் துரோகியைப் போலப் பார்த்தார். சங்கத் தலைவரோ எழுந்து நின்று கைதட்டினார். அது என் நேர்மைக்கா, எங்கள் அணி உடையப்போவதற்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.