சாலையைக் கடந்த ஓணான்

ரோஸ்லினுக்கு முப்பத்தேழு வயது. தூத்துக்குடிக்காரி. ஹைதராபாத் கச்சிபௌலியில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் போஸ்ட்டாக். அதாவது டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும் வேலை நிரந்தரமாகாமல், ஒப்பந்தத்தில் ஓடுகிற பிழைப்பு. ஊரில் அம்மா, "மவ சயின்டிஸ்ட்டு" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு, ஓணான் பிடிக்கிற கதையை மட்டும் விழுங்கிவிடுவாள்.

ஹைதராபாத்தின் பாறைக் குன்றுகளில் வாழும் ஓணான்கள்தான் ரோஸ்லினின் ஆராய்ச்சி. நடுவில் ரோடும் அடுக்குமாடியும் வந்தபின், ஒரு குன்றின் ஓணான் இன்னொரு குன்றுக்குப் போய் ஜோடி சேர முடிகிறதா? வால் நுனியில் துளி வெட்டி, மரபணுவைப் பார்த்து, யாருக்கு யார் சொந்தமென்று வரைபடத்தில் குறிப்பாள். இதுவரை கிடைத்த பதில் ஒன்றே: முடியவில்லை. இதை அவளிடமே கேட்டிருந்தால், ஓணானைத் தொந்தரவு செய்யாமலே சொல்லியிருப்பாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூடிய வாயை அவள் திறப்பது திங்கட்கிழமைதான். இடையில் சாப்பாடு கொண்டுவருபவரிடம் ஓடிபி எண் சொல்வதோடு சரி.

இந்த நிலையில், கச்சிபௌலிக் குன்றில் பிடித்த ஒரு குட்டியின் மரபணுவில் பாதி, நகரின் மறுகோடியிலுள்ள திருமுல்கேரிக் குன்றின் ஓணான்களுடையதாக இருந்தது. நகரத்தையே குறுக்கே கடந்து ஒன்று வந்திருக்கிறது! ஆய்வுத் தலைவர் சாரங்கபாணிக்குத் தலைகால் புரியவில்லை.

"உடனே பேப்பரா எழுதும்மா. மார்ச்சுல உன் கான்ட்ராக்ட் முடியறதோல்லியோ? இது ஒண்ணு போறும், நீட்டிடலாம்."

எழுத உட்காருமுன், குட்டியின் தகப்பன் யாரென்று பழைய மாதிரிகளில் தேடினாள். கிடைத்துவிட்டான். போன வருடம் திருமுல்கேரியில் அவளே பிடித்த ஆண்.

அந்த நாள் நினைவுக்கு வந்தது. இரண்டு குன்றுகளிலும் பிடித்தவற்றைத் துணிப்பைகளில் கட்டி, எடை பார்த்து, திரும்ப விடக் கிளம்பியபோது நல்ல மழை. எந்தக் குன்று என்று எழுதிக் கட்டிய சீட்டு ஒரு பையில் நனைந்து கழன்றுவிட்டது. உத்தேசமாகக் கச்சிபௌலிதான் என்று அங்கே அவிழ்த்துவிட்டாள். பிடித்த பாறையிலேயே விட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி.

வாயைத் திறக்காமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டு நாள் அப்படித்தான் இருந்து பார்த்தாள். மூன்றாம் நாள் சாரங்கபாணியின் அறைக்குப் போனாள்.

"சார், அது தானா வரல. நான்தான் டாக்ஸில கூட்டிட்டு வந்துட்டேன்."

சாரங்கபாணி முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "அப்போ கான்ட்ராக்ட் கஷ்டம்தான் ரோஸ்லின்."

அன்று அம்மா போன் செய்தாள். "ஏட்டி, என்ன சத்தமே சரியில்ல?"

"ஒண்ணுமில்லம்மா. ஒரு ஓணான தெரியாம எடம் மாத்தி விட்டுட்டேன்."

"ஐயோ, செத்துப் போச்சா?"

"இல்லம்மா. யாருமே தெரியாத எடத்துல ஜோடி சேந்து, புள்ள பெத்திருக்கு."

எதைப் பேசினாலும் கல்யாணத்தில் கொண்டுவந்து முடிக்கிற அம்மா, அன்று அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், "சரிம்மா, சாப்ட்டுட்டுப் படு" என்று போனை வைத்தாள். அப்போதுதான் ரோஸ்லினுக்கு அழுகை வந்தது.