அசைவு: பூச்சியம்

'நோயாளி ஒத்துழைக்கவில்லை.' ராத்தாவின் எம்.ஆர்.ஐ. அறிக்கையில் கடைசி வரி இது. படம் கலங்கிவிட்டதாம், மறுபடி வர வேண்டுமாம். அடுத்த திகதி ஆறு கிழமை, ஒன்றரை மாதம் கழித்து. வாசித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ராத்தா என் அக்கா. அவருக்கு இடது மார்பில் ஒரு கட்டி. அது ஒன்றுதானா, பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே சத்திரசிகிச்சை என்று டொக்டர் சொல்லியிருந்தார். அந்தப் படம் எடுக்கத்தான் எங்கள் ஊர் குறிஞ்சாக்கேணியிலிருந்து ராத்தா அவ்வளவு தூரம் பஸ்ஸில் போயிருந்தார்.

"ஏன் ராத்தா அசைஞ்சீங்க?"

"குப்புறப் படுக்க வெச்சாங்க. மேல ஒரு துணியுமில்ல. முதல் படம் எடுக்கேக்க மூச்சுக்கூட மெல்லத்தான் விட்டனான். புறகு மருந்து ஏத்த ஒரு ஆம்பிளை உள்ளுக்கு வந்திட்டார். பக்கத்துல கிடந்த துணிய இழுத்து முதுக மூடினன். அதுவுமா குத்தம்?"

குற்றமில்லை. ஆனால் அந்த ஓர் இழுப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது. மருந்து ஏற்றுமுன் ஒரு படம், ஏற்றியபின் இன்னொரு படம். பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால், மருந்தை உறிஞ்சிய கட்டி மட்டும் வெள்ளையாய் மிஞ்சும். இடையில் உடம்பு கொஞ்சம் நகர்ந்தாலும் இரண்டு படங்களும் பொருந்தாது.

இதெல்லாம் எனக்கு அத்துப்படி. என் வேலையே இதுதான். திருகோணமலையில் துறைமுகம் தெரிகிற ஒரு மாடி அறையிலிருந்து, வெளிநாட்டு ஆய்வுக் குழு ஒன்றுக்காகக் கணினிக்குள் மார்பகம் செய்கிறேன். கொழுப்பு, சுரப்பி, இரத்தக் குழாய் எல்லாமே எண்கள். அதற்குள் நாங்களே கட்டியை ஒளித்துவைத்து, எந்த எம்.ஆர்.ஐ. முறை அதைக் கண்டுபிடிக்கிறது என்று கணினியை ஓட்டிப் பார்ப்போம். கட்டி இருக்கும் இடம் எங்களுக்கு முன்பே தெரியும் என்பதால் எந்த முறையும் எங்களை ஏமாற்ற முடியாது.

அன்று என் நிரலைத் திறந்தேன். அசைவு என்ற இடத்தில் பூச்சியம். எழுதியவள் நான். நான் செய்த மார்பகத்துக்குக் கதவு திறக்கும் சத்தம் கேட்காது, வெட்கமும் இல்லை. நானும் அதே ஊர்க்காரிதானே? ஓர் ஆண் உள்ளே வந்தால் கை தானாகத் துணிக்குப் போகும் என்று எனக்குத் தெரியாதா? அறிக்கை எழுதியவர்மேல் இருந்த கோபத்தில் பாதி என்மேல் திரும்பியது.

ராத்தாவின் இழுப்பை எண்களாக்கி உள்ளே போட்டேன். சிறந்தது என்று நாங்கள் தெரிவு செய்திருந்த முறை, ஒளித்துவைத்த சின்னக் கட்டியைக் கோட்டைவிட்டது. குழுத் தலைவருக்குக் காட்டினேன்.

"இப்படி எல்லாரும் அசைவதில்லை. சேர்த்தால் முடிவு குழம்பும்" என்றார்.

"எங்கள் ஊரில் எல்லாரும் அசைவார்கள். சேர்க்காவிட்டால் ஆய்வுக் கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள்" என்று கத்திவிட்டேன்.

யோசிப்பதாகச் சொன்னார். இன்னும் யோசிக்கிறார்.

ஆறு கிழமை கழித்து ராத்தாவோடு நானும் போனேன். தொடக்கத்திலேயே முதுகில் துணி போட வேண்டும், மருந்து ஏற்றப் பெண் ஒருவர்தான் வர வேண்டும் என்று வாசலில் நின்று சண்டை பிடித்தேன். ஒரு துணி, ஒரு தாதி, அவ்வளவுதான். ராத்தா அசையவில்லை. படம் தெளிவாக வந்தது. முதல் கட்டிக்குப் பக்கத்தில் இன்னொன்று இருந்தது.

"அப்ப இந்த ஆறு கிழமையும் இது உள்ளுக்குத்தான் இருந்திருக்கு, என்ன?" என்று ராத்தா கேட்டார்.

"ஓம்" என்றேன். கையிலிருந்த அறிக்கையின் கடைசி வரியைப் பார்த்தேன்.

'இம்முறை நோயாளி நன்கு ஒத்துழைத்தார்.'